ஐரோலி வீடியோவின் தேதி

பேச்சிராஜா அந்த வீடியோவை எடுத்தது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதில் அவனுக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது. நவி மும்பையில் இருக்கிற ஐரோலியில் அக்காள் பேராச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான். நெத்திலிக் குழம்பு கொதித்து இறங்குவதற்குள் மொட்டைமாடிக்குப் போய் டிரோனைப் பறக்கவிட்டு இறக்கிவிட்டான். ஆனால் போனைக் கேட்டால் மே இருபத்தொன்பது என்கிறது. வீடியோவின் மேல் விரலை வைத்து 'விவரம்' என்ற இடத்தைத் தொட்டால், 29 மே, வெள்ளிக்கிழமை, காலை 9.14. அணைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாலும் அதேதான். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து நாற்பது தடவையாவது பார்த்திருப்பான்.

தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவனுடைய சோறே அதில்தான் இருந்தது. மே பதினெட்டாம் தேதியிலிருந்து முப்பது நாளைக்கு நவி மும்பையில் டிரோன், பாரா கிளைடர், ரிமோட்டில் பறக்கிற எதுவும் மேலே ஏறக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. மார்ச்சில் பறந்திருந்தால் குற்றமில்லை. மே கடைசியில் பறந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். எஃப்.ஐ.ஆர். விழுந்தவனுக்கு விமான நிலையப் பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள். ஒன்பது வருடமாக விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி ஏற்றி இறக்குகிறவன் பேச்சிராஜா. கழுத்தில் அந்தப் பாஸ் தொங்கவில்லையென்றால் கேட்டுக்கு உள்ளே கால் வைக்க முடியாது. பாஸுக்கான விசாரணைத் தாள் செவ்வாய்க்கிழமை போலீசுக்குப் போகிறது. மார்ச் என்று நிரூபிக்கப் போலீஸ் அவனுக்குக் கொடுத்த கெடு, திங்கட்கிழமை காலை பதினோரு மணி.

கொடுமை என்னவென்றால், சட்டத்துக்கு இவனளவு பயந்து டிரோன் ஓட்டியவன் தாராவியில் இருந்திருக்க மாட்டான். அவனுடைய டிரோன் இருநூற்று நாற்பத்தொன்பது கிராம். இருநூற்றைம்பதைத் தாண்டாததால் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம். ஆனால் எங்கே ஓட்டலாம் என்பதற்கு அரசாங்கத்தின் வரைபடம் ஒன்று உண்டு. சிவப்பில் அனுமதி இல்லாமல் கூடாது, மஞ்சளில் கேட்டுவிட்டு ஓட்டலாம், பச்சையில் நானூறு அடி வரை கேட்காமலே ஓட்டலாம். விமான நிலையத்தைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம். தாராவி அந்த வட்டத்துக்குள் கிடக்கிறது. அதனால் தன் வீட்டுத் தகரக் கூரையைக்கூட அவன் ஒரு தடவையும் மேலிருந்து பார்த்ததில்லை. டிரோனைப் பையில் போட்டுக்கொண்டு, குர்லாவிலும் வாஷியிலும் வண்டி மாறி, பச்சையான ஐரோலிக்குத்தான் போவான். தடை வந்த அன்றைக்கே பாட்டரியைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டான்.

வினை வேறு வழியாக வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இன்ஸ்டாவில் ஒரு வீடியோ போடுவது அவன் வழக்கம். அறுபத்தொரு வெள்ளி விட்டதில்லை. தடை வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை, பழைய வீடியோ என்று சொல்லியே ஒன்றைப் போட்டான். பத்துப் பேர்கூடச் சீண்டவில்லை. அடுத்த வெள்ளி, மார்ச்சில் எடுத்ததைப் போட்டு, வழக்கமாக எழுதுவதையே எழுதினான்: 'ஆஜ் கா ஐரோலி.' இன்றைய ஐரோலி. பீரோவுக்குள் கிடந்த டிரோன் வானத்தில் பறந்ததாக ஊருக்குச் சொன்னான். யாரோ ஒருவர் அதைப் போலீசுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை ஐரோலிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் மோரே களைத்த மனிதர். இந்தியில் பேசினார், சத்தம் போடவில்லை.

"பெட்டி ஏத்துறதுக்கு அவ்வளவு விமானம் இருக்கே, அது போதாதுன்னு வீட்டுக்கு ஒண்ணா?"

"சாப், அது மார்ச்ல எடுத்தது. தடைக்கப்புறம் நான் பறக்கவே விடலை."

"இன்றைய ஐரோலின்னு எழுதினது நானா?"

"சும்மா ஒரு பெருமைக்கு எழுதினேன், சாப்."

"இருபத்தொன்பதாம் தேதி எங்கே இருந்தே?"

பேச்சிராஜா நாளை எண்ணிப் பார்த்தான். அன்றைக்கு வார லீவு. அக்காள் வீட்டுக் கிரைண்டர் ஓடவில்லை என்று அதைப் பார்க்கப் போயிருந்தான். "ஐரோலியில" என்றான்.

"நீ சொல்லலைன்னாலும் உன் போன் டவர் சொல்லுது" என்றார் மோரே. "டிரோனை சீல் பண்ணி லேபுக்கு அனுப்பினா, உள்ளே இருக்கிற சிப்பைப் படிச்சு என்னைக்குப் பறந்ததுன்னு சொல்லிடுவாங்க. நாலு மாசம் ஆகும். ஆனா லேபுக்கு அனுப்பணும்னா முதல்ல எஃப்.ஐ.ஆர். போடணும்."

"போட்டா என் பாஸ் போயிடும், சாப்."

"தெரியும். அதனாலதான் திங்கட்கிழமை வரைக்கும் சும்மா இருக்கேன். மார்ச்சுன்னு காட்டு, விட்டுடறேன்."

காட்டுவதற்குத்தான் எதுவும் மிஞ்சவில்லை. வீடியோவுக்குத் தேதி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, டிரோன் பதிவு செய்யும்போதே கோப்புக்கு உள்ளே எழுதிவைக்கிற தேதி. இன்னொன்று, அந்தக் கோப்பு இந்தப் போனுக்கு வந்து சேர்ந்த தேதி. கூரியர் உறையின் மேல் அடிக்கிற முத்திரை மாதிரி. பேச்சிராஜா ஏப்ரலில் போனை மாற்றினான். பழைய போனைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டான். டிரோன் பறந்த கணக்கெல்லாம் அதோடு போயிற்று. டிரோனுக்குள் இருந்த கார்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காலி செய்துவிட்டான். மிஞ்சியிருந்தது, அக்காள் மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பிரதி ஒன்றுதான். மே இருபத்தொன்பது காலையில் அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கித்தான் இன்ஸ்டாவில் போட்டான். வாட்ஸப் வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது உள்தேதியைக் கழித்துவிடுகிறது. அக்காள் மகள் போனை ஏப்ரலில் ரிப்பேருக்குக் கொடுத்து எல்லாவற்றையும் அழித்து, படங்களை மட்டும் திரும்ப ஏற்றியிருந்தார்கள்; அங்கேயும் அனுப்பிய நாளின் தடயம் இல்லை. உள்ளே எழுதியது அழிந்து, உறைமேல் முத்திரை மட்டும் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் மனைவி கோகிலவாணி, கார்மென்ட் யூனிட்டுக்குக் கிளம்பி நின்றவள், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"யாரக் கேட்டு இன்னைக்கி எடுத்ததுன்னு எழுதுனீங்க?"

"சும்மாதாம்ட்டி எழுதுனேன்."

"முன்னூத்தி நாப்பது பேரு பாக்கான், முன்னூத்தி நாப்பது பேரு பாக்கான்னு பீத்துவீங்கள்லா? அதுல ஒருத்தன் போலீசா இருந்துட்டான் பாருங்க."

அவன் போனை எடுத்து மறுபடியும் விவரத்தைத் தொட்டான்.

"மைனிய வந்து சொல்லச் சொல்லுங்க. அவிய வீட்டு மாடிதான?"

"கூடப்பொறந்தவ சொல்லுத சாட்சிய எவன் எடுப்பான்?"

அவள் வேலைக்குப் போன பிறகு, அவன் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தான். கோப்பின் தேதியை மாற்றுகிற ஆப் ஒன்று உண்டு. இறக்கினான். மே என்பதை அழித்து மார்ச் என்று போட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விவரத்தைத் தொட்டால் அவன் நினைத்த தேதி, நினைத்த மணி. அந்த மார்ச்சைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. இது உண்மையான தேதிதான். ஆனால் பொய்யாக எழுதிய உண்மை. தாராவியில் உட்கார்ந்திருக்கிற ஒரு லோடருக்கு இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை மோரேவுக்குத் தெரியாதா? கண்டுபிடித்தால் தடையை மீறியதோடு சாட்சியைத் திருத்தியதும் சேரும். பழையபடி மேயையே போட்டுவிட்டு ஆப்பை அழித்தான்.

ஒன்று மட்டும் அவனுக்குத் தெளிந்தது. போனில் எழுதியிருக்கிற எந்தத் தேதியும் இனி உதவாது. விரலால் மாற்ற முடியாத ஏதாவது ஒன்று வேண்டும். அது என்ன என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை பகல் ஷிப்ட். லோடர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று. முதலில் வருகிறவன் அதை நிரப்பி, டிராக்டர் நிறுத்துகிற கொட்டகையின் சுவரோரம் வைக்க வேண்டும். அன்றைக்கு முதலில் வந்தவன் பேச்சிராஜா. இரவெல்லாம் தூங்காத கண்ணோடு கேனை வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பன்னிரண்டு மணிக்கு, அந்தக் குழுவின் தலைவர் தளவாய் ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றி, ஊற்றிய வேகத்தில் துப்பினார்.

"ஏலே பேச்சி! கேன எங்கனலே வச்சிருக்க?"

"எப்பவும் வைக்க எடத்துலதான் அண்ணாச்சி. வடக்குச் சுவத்துல."

"வெந்நி போட்டு வச்சிருக்கியே, பிள்ளத்தாச்சியா குளிக்கப் போறா இங்கன? வைகாசி பொறந்தா கேன் தெக்க போவணும்னு ஒனக்குத் தெரியாது? ஒம்பது வருசமா என்னத்தலே பாத்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சிராஜாவுக்கு அந்த வழக்கம் தெரியும். எல்லோரும் செய்வார்கள், அவனும் செய்வான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு ஏனோ கேட்டான்.

"ஏன் அண்ணாச்சி தெக்க?"

"வடக்க நெழலு கெடையாதுல்லா. காலைலயும் கெடையாது, மத்தியானமும் கெடையாது, அந்திக்கும் கெடையாது. ஆடி பத்து தாண்டிட்டுன்னா திரும்ப வடக்க வச்சுக்க. எங்களுக்கு முந்தி இருந்தவன் சொன்னான், நாங்க வைக்கோம். மழ வந்துட்டா எங்க வச்சா என்ன."

கேனைத் தூக்கித் தெற்குச் சுவரோடு ஒட்டி வைக்கும்போது பேச்சிராஜாவின் கை நின்றுவிட்டது. வடக்கே நிழல் கிடையாது. நாள் முழுக்கக் கிடையாது. அவனுடைய வீடியோவில் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி நிற்கிறது. நல்ல நிழலில் நிற்கிறது. எந்தப் பக்கத்து நிழல்?

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினான். அக்காள் வீடு இருக்கிற ஏழு மாடிக் கட்டடம். அதை ஒட்டி ரோடு. ரோட்டின் கோடியில் அலையாத்திக் காடும், கிரீக் என்று சொல்கிற கடற்கழியின் தண்ணீரும். ஐரோலிக்குக் கிரீக் மேற்கே. கிரீக்கைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் வடக்கு. கட்டடம் ரோட்டுக்கு இடது பக்கம் நிற்கிறது. அதன் நிழல் வலது பக்கமாக விழுந்து, ரோட்டில் பாதிக்கு மேல் கருப்பாகப் படர்ந்திருக்கிறது. அந்தக் கருப்புக்குள்தான் இஸ்திரி வண்டி, இரண்டு ஆட்டோ, ஒரு நாய். வடக்கேதான் விழுந்திருக்கிறது. வரைபடத்தை வைத்து அளந்தான். ஆறு மீட்டர் வந்தது.

இது எப்படி என்று போனிலேயே தேடித் தேடிப் படித்தான். விஷயம் எளிமையானது. சூரியன் வருடம் முழுவதும் ஒரே பாதையில் போவதில்லை. மார்கழியில் தெற்கே தாழ்ந்து போகும். பிறகு நாளுக்கு நாள் வடக்கே ஏறி, ஜூன் இருபத்தொன்றில் கடகரேகைக்கு மேலே போய் நின்று, திரும்பும். மும்பை கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே போகும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம், சூரியன் மும்பையின் உச்சந்தலைக்கு நேராகக் கடக்கும். முதல் கடப்பு மே பதினாறை ஒட்டி, இரண்டாவது ஜூலை இருபத்தேழை ஒட்டி. வைகாசி பிறப்பதும் ஆடி பத்தும்தான். அந்த இரண்டு நாளும் நடுப்பகலில் கம்பத்துக்கு நிழலே இராது. நடுவிலே உள்ள எழுபது நாளும் சூரியன் நமக்கு வடக்கே. வடகிழக்கில் எழுந்து, வடக்காலேயே போய், வடமேற்கில் விழும். ஒரு நிமிடம்கூடத் தெற்குப் பக்கம் வராது. சூரியன் தெற்கே வராவிட்டால் நிழல் வடக்கே போகாது.

ஆனால் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மோரே நம்ப வேண்டுமே. கண்ணால் காட்ட வேண்டும். அதே கட்டடம், அதே ரோடு, இந்த வாரத்து வெயில். நாளை ஒரு நாள்தான் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ஐரோலியில் இறங்கியபோது வானம் ஈயத்தட்டு மாதிரி இருந்தது. மழைக்காலம் வாசலில் வந்து நின்றுவிட்டது. நிழலைப் படமெடுக்க வந்தவனுக்கு ஊரில் நிழலே இல்லை.

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. ரோட்டோரம் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பேராச்சி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. இரண்டு மணிக்குத் தூறல் விழுந்தது. கோகிலவாணி வழியில் வாங்கிய அன்றைய மராட்டிப் பேப்பரைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். படத்தின் தேதியை யாரும் நம்பப் போவதில்லை. அன்றைய பேப்பர் படத்துக்குள் இருந்தால் அதற்கு முந்தி எடுத்தது என்று ஒருவனும் சொல்ல முடியாது. அது அவளுடைய யோசனை.

"மத்தியானம் போயிட்டே. வீடியோ மத்தியானத்துலதான எடுத்தீங்க? இனி வெயில் வந்து என்னத்துக்கு?"

"மத்தியானம்னு இல்லட்டி. எந்த நேரமா இருந்தாலும் இந்த மாசத்துல வடக்க விழாது. வெயிலு வந்தாப் போதும். ஒரு நிமிசம்."

"வராட்டா?"

அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வராட்டா நாளைக்கி நானும் வாரேன் டேசனுக்கு" என்றாள். "எம் புருசன் பொய்யன்தான், ஆனா கேஸுக்குரிய பொய்யன் இல்லன்னு சொல்லுதேன்."

நாலு மணி தாண்டிற்று. கிரீக்குக்கு மேலே மேகம் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. வெயில் சரிவாக வந்து கட்டடத்தின் வடக்குச் சுவரில் பட்டென்று அடித்தது. சுவர் முழுக்க மஞ்சள். மார்ச்சில் ஆறு மீட்டர் நிழல் கிடந்த ரோட்டில் ஒரு சாண் நிழல் இல்லை.

"ஓடு! ஓடு! சுவத்துப் பக்கத்துல நில்லு! பேப்பரத் தூக்கிப் பிடி!"

அவள் செருப்பு நழுவ நழுவ ஓடிப்போய் நின்று, பேப்பரின் முதல் பக்கத்தை நெஞ்சுக்கு முன்னால் விரித்தாள். அவளுடைய நிழல் கிழக்கே நீண்டு, தெற்குப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பேச்சிராஜா எட்டுப் படம் எடுத்தான். ஒன்பதாவதுக்கு மேகம் மூடிவிட்டது. அப்புறம் இருட்டும்வரை வெயில் வரவில்லை.

திங்கட்கிழமை கொட்டுகிற மழையில் ஸ்டேஷனுக்குப் போனான். மோரேவின் மேஜையில் எஃப்.ஐ.ஆர். புத்தகம் திறந்து கிடந்தது. பேச்சிராஜா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்: மோரேவிடம் இருந்த அதே வீடியோவின் ஒரு காட்சி, அவன் எடுத்த படம். கேனிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். நாக்கு இரண்டு இடத்தில் குழறியது.

மோரே கேட்டுவிட்டு, "வீடியோவை இடம் வலமாத் திருப்பியிருந்தா?" என்றார்.

"திருப்பினா கடை போர்டு எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரித் திரும்பித் தெரியும், சாப். பாருங்க, மெடிக்கல் ஷாப் பேரு நேரா இருக்கு. வடக்குப் பக்கம் எதுன்னு நீங்களே போய்ப் பார்க்கலாம், பத்து நிமிஷ நடை."

"காலையில சீக்கிரம் எடுத்திருந்தா?"

"இந்த மாசத்துல சூரியன் எழும்பும்போதே வடக்குப் பக்கம்தான் எழும்புது. நிழல் தெற்கேதான் சாயும்."

மோரே எழுந்து ஜன்னலுக்குப் போனார். மழை. திரும்பி வந்து கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்த ஆள். "உங்க வீட்டுல வடக்கு ஜன்னலுக்கு எப்ப வெயில் வரும்?"

"மே பாதியிலிருந்து மழை வர்ற வரைக்கும், சாப். அந்தக் கொஞ்ச நாள் மட்டும்தான். அம்மா வடாம் காயவைப்பா."

மோரே புத்தகத்தை மூடினார். இழுப்பறையிலிருந்து கோடு போட்ட வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். "எழுது. பொய்த் தலைப்பு போட்டதுக்கு எச்சரிக்கைன்னு நான் எழுதி மூடிடறேன். எஃப்.ஐ.ஆர். இல்லை. ஆனா எனக்கு மேலே இருக்கிறவருக்கும் புரியணும். கதை வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுது."

பேச்சிராஜா பேனாவை வாங்கி, இந்தியில், எழுத்துக்கூட்டி எழுதினான்:

'மே பதினாறிலிருந்து ஜூலை இருபத்தேழு வரை மும்பையிலும் ஐரோலியிலும் சூரியன் காலை முதல் மாலை வரை வடக்குப் பக்கமே இருக்கும். அந்த நாட்களில் எந்த நேரத்திலும் எதன் நிழலும் வடக்கே விழாது. இந்த வீடியோவில் ஏழு மாடிக் கட்டடத்தின் நிழல் வடக்கே ரோட்டின் மேல் ஆறு மீட்டர் விழுந்திருக்கிறது. தடை தொடங்கியது மே பதினெட்டு. வீடியோ வெளியானது மே இருபத்தொன்பது. ஆகவே இது தடைக்கு முன்பு எடுத்த வீடியோ.'